இருமியவனுக்குக் கிடைத்த மாடி வேலை

தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரின் சல்லடைக் கூடத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: தேயிலையைச் சலிப்பது பாதி வேலை, தூசியை விழுங்குவது மீதி வேலை. நீங்களும் இருமியிருப்பீர்கள். என் இருமல் மட்டும் மழை விட்டும் விடவில்லை. சயரோகமாக இருக்குமோ என்று தோட்டத்து டொக்டர் ஐயா சந்தேகப்பட்டு, நுவரெலியாவுக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுக்க வைத்தார். இருக்கிறதென்றால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. தைக்கு நிச்சயமான கல்யாணமும் அவ்வளவுதான். முடிவு வரும்வரை காத்திருந்தேன். காத்திருப்பதும் ஒரு வேலைதான், சம்பளத்துக்குப் பேர் போடாத வேலை.

இட மாற்றம்

இஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா என்னைச் சல்லடையிலிருந்து மாடிக்கு மாற்றினார். மாடியில்தான் கொழுந்தைச் சாக்குப் படங்கில் பரப்பி வாட்டுவோம். நாலு பக்கமும் ஜன்னல், மலைக்காற்று. என் நெஞ்சை நினைத்துத்தான் மாற்றினாராக்கும் என்று உருகிப்போய்க் கும்பிட்டேன்.

"அட, அதுக்கில்ல தம்பி. மேல இருக்க கொழுந்து இன்னும் அடுப்புக்குப் போகணும், நீ இருமினாலும் வெந்துரும். கீழ இருக்கறது நேரா பொட்டிக்கில்ல போவுது!"

சிவப்பு நூல்

மாடியில் எல்லோருக்கும் தகரக் கோப்பையில் சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத தேநீர், வரும். மறுநாளே என் கோப்பையின் பிடியில் ஒரு சிவப்பு நூல் முடிந்திருந்தது. நோய்க்காரன் கோப்பை மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க ஓர் அடையாளம்.

ஆனால் ஊற்றுகிற பாக்கியம் அக்காவுக்கு இளகிய மனசு. நூல் கட்டிய கோப்பையைப் பார்த்தாலே கை தாராளமாகிவிடும்; விளிம்பு வரை ஊற்றி, கூடவே ஒரு கட்டிக் கருப்பட்டியும் வைப்பார். இதைக் கவனித்துக்கொண்டே இருந்த, மாடியில் என்னோடு கொழுந்து பரப்பும் முனியாண்டி அண்ணன் ஒருநாள் தன் கோப்பையை நீட்டினார். அதிலும் சிவப்பு நூல்.

"என் நெஞ்சுக்குள்ள மட்டும் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எனக்கும் ரொம்ப ஊத்துங்க அக்கா."

மாமாவின் சோதனை

டயகமவிலிருந்து, எனக்குப் பெண் கொடுக்க இருந்த மாமா வந்தார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சும்மா மேல்மலைக் கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார். செங்குத்தான பாதையில் விறுவிறுவென்று நடத்திக் கூட்டிப்போனார். காதைத் தீட்டிக்கொண்டு என் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

உச்சிக்குப் போனதும்தான் எனக்கே உறைத்தது, வழியில் ஒரு தடவைகூட நான் இருமவில்லை. மாமாதான் கல்லில் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் முட்ட இருமினார். முதுகைத் தடவிவிட்டேன். மூச்சு திரும்பியதும் என் கையைப் பிடித்தார்.

"ஒனக்கு முடிவு வர்றப்ப வரட்டும் மாப்ள. எனக்கு ஒரு படம் எடுத்துப் பாத்துருவமா?"

முடிவு

டொக்டர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். நெஞ்சில் நோயே இல்லையாம். தேயிலைத் தூசி செய்த வேலையாம், தூசியை விட்டு விலகியதும் தானாக அடங்கிவிட்டதாம். மாமாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு இஸ்டோருக்கு ஓடினேன். டீமேக்கர் ஐயாவுக்கு உண்மையாகவே சந்தோஷம். தோளில் தட்டினார்.

"நல்லது தம்பி! நோய்நொடி ஒண்ணுமில்லேல்ல, நாளைக்கே சல்லடைக்கு எறங்கிரு."

ஆக, நோயில்லை என்று தெரிந்த நாளிலிருந்து நான் மறுபடியும் இருமிக்கொண்டு சுகமாக இருக்கிறேன்.