அம்மாவின் உப்புச் சுவரும் பழைய பிரேம்களும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அனைவரும் அம்மாவை அறிந்தவர்கள். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்: அம்மா யாரையும் எளிதில் நம்பியவர்கள் அல்லர்.

நயினார்கோவில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மா, அய்யாவை மணந்து இராமேஸ்வரம் வந்தார்கள். அய்யா ஆட்டோ ஓட்டினார்கள். நான் பள்ளியில் படிக்கும்போதே அய்யா காலமாகிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்தார்களாம். அன்றிலிருந்து வாசலுக்கு வரும் எவரையும் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். லாட்ஜ் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்து என்னைப் படிக்க வைத்தார்கள்.

எனக்கு வரன் வந்தபோது அம்மாவின் கவலையெல்லாம் முன்னறைச் சுவர்தான். உப்புக் காற்றில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பெயர்த்துப் பூச வசதியில்லை. லாட்ஜ்களில் கழித்துப் போடும் படச் சட்டங்கள் ஒரு பழைய சாமான் கடைக்கு வருவது அம்மாவுக்குத் தெரியும். அவற்றால் சுவரை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு பிரேமையும் தட்டினார்கள், மோந்தார்கள், பின்னட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கண்ணாடியில் மங்கலாகக் குங்குமக் கறை இருந்தது.

“இது செத்தவுக படம் இருந்த பிரேமு. வேணாம்.”

கடைக்காரர் அலுத்துக்கொண்டார். “ஏங்கக்கா, பிரேமுக்குமா ஜாதகம் பாக்குறீக?”

“நீங்க சிரிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குச் சந்தேகம் கூடுது. அந்தக் கீழ கெடக்குறத எடுங்க, கரையான் அரிச்சிருக்கான்னு பாப்போம்.”

வாங்கியவற்றை மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டார்கள். கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைப் பூசியதும் ஒன்றோடொன்று சேராத பிரேம்களெல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தன. கிழிந்த பட்டுச் சேலையின் கரை, காலண்டர் பூக்கள், செய்தித்தாளில் வந்த பாம்பன் பாலம், ஆட்டோவில் சாய்ந்து நிற்கும் அய்யா எல்லாம் அவற்றுக்குள் போயின. உப்புச் சுவரில் ஆணி நிற்கவில்லை. மேலே உறுதியான இடத்தில் ஒரு மரச்சட்டத்தை அடித்து, அதிலிருந்து கம்பியில் தொங்கவிட்டார்கள். சுவர் பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்களில் இப்போது என் மாமியாராக இருக்கும் அத்தை மட்டும் காபியைத் தொடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செவரே தெரியாம மாட்டியிருக்கீகளே, பின்னால என்ன இருக்கு?”

அம்மா எழுந்து நடுவில் இருந்த பெரிய பிரேமைக் கழற்றினார்கள். பூச்சு பொலபொலவென்று தரையில் கொட்டியது.

“உப்புக் காத்து தின்ன செவரு. பூசறதுக்கு எங்களால ஏலல. நல்லாப் பாத்துக்கங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா? மாப்பிள்ளை சிங்கப்பூர்ல ஆபீஸ் வேலைன்னு தரகர் சொன்னாரு. நகக்கண்ணுல எண்ணெய்க் கருப்பு இருக்கே, அது எந்த ஆபீசு?”

தரகர் மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் வாய் திறந்தார்.

“கம்பெனிய மூடிட்டாங்கம்மா. இப்ப ராமநாதபுரத்துல ஏசி மெக்கானிக்கா இருக்கேன். முன்கூட்டியே சொல்லிடச் சொன்னேன், தரகர்தான் வேணாம்னுட்டாரு.”

அத்தையின் முகம் சிவந்தது. தரகரைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. பிறகு ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்கள்.

அடுப்படியில் அம்மா என்னிடம், “உனக்கு என்ன தோணுது?” என்றார்கள்.

“கேட்டதும் உண்மையச் சொன்னாரும்மா.”

“கேட்டப்புறந்தானே சொன்னாரு” என்ற அம்மா, மறுநாளே பஸ் ஏறி ராமநாதபுரம் போய், அவர் வேலை பார்க்கும் கடையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சம்மதம் சொன்னார்கள்.

திருமணத்துக்குப் பின் அம்மாவும் அத்தையும் நெருங்கிய விதம் எங்களுக்கே வியப்பு. எங்கள் வீட்டுச் சுவருக்கும் இருவரும் சேர்ந்தே பழைய பிரேம் வாங்கினார்கள். ஒருவர் பொறுக்கியதை மற்றவர் நம்பாமல் மறுபடி தட்டிப் பார்ப்பார்கள்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த கடைசி மாதங்களிலும் அம்மா மாறவில்லை. “இது என்ன மாத்திரை? நேத்து வேற நெறமால்ல இருந்துச்சு?” என்று செவிலியரிடம் கேட்டுத் துளைப்பார்கள். நான் கொடுத்தாலும் அட்டையைக் காட்டச் சொல்வார்கள். அத்தை கொடுத்தால் மட்டும், எதுவும் கேட்காமல் வாயைத் திறப்பார்கள். இறுதி நாளன்று தண்ணீர் வாங்கிக் குடித்ததும் அத்தை கையால்தான்.

அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த லாட்ஜ் ஊழியர்களுக்கும், பந்தல் முதல் சமையல்வரை பார்த்துக்கொண்ட தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கும் நன்றி. இதைப் படித்ததும், “எதுக்குடி இப்பத் திடீர்னு நன்றி சொல்ற?” என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.