அக்கா நடத்திய பதினான்கு பேரரசுகள்

என் அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். அவள் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஊசி குத்தியதே தெரியாதாம், கை அவ்வளவு லேசாம். உண்மைதான். ஆனால் அதே கையால் பதினான்கு விண்வெளிப் பேரரசுகளை அவள் பதினோரு வருடம் கட்டி மேய்த்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அது தபாலில் ஆடும் விளையாட்டு. பதினான்கு ஆட்டக்காரர்கள், ஆளுக்கு ஒரு தாய்க்கிரகம், கொஞ்சம் கப்பல்கள். எந்தக் கப்பல் எந்த நட்சத்திரத்துக்குப் போக வேண்டும், யாரைத் தாக்க வேண்டும் என்று மாதம் ஒருமுறை ஒரு தாளில் எழுதி அக்காவுக்கு அனுப்புவார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாத் தாள்களும் வந்து சேர்ந்ததும் அக்கா படத்தில் கப்பல்களை நகர்த்துவாள். யார் யாரோடு மோதினார்கள், யார் மிஞ்சினார்கள் என்று பார்ப்பாள். அவரவர் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டும் தட்டச்சு செய்து அவரவருக்கு அனுப்புவாள். அவள் நடுவர். ஒரு சண்டை மூளவே ஆறு மாதம் ஆகும். அதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் ஆறிவிடும்.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போய் அவள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய கதவை இரண்டு பெட்டிகள்மேல் கிடத்தி, அதன்மேல் கட்டம் போட்ட படத்தை விரித்திருந்தாள். கப்பல்களுக்குப் பதில் பொத்தான்கள். சோபா முதுகில் பதிப்பார்களே, துணி சுற்றிய பொத்தான், அது. அத்தானுக்கு மெத்தை, சோபா தைக்கும் கடை, பொத்தானுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாம் வருடம் ஒருவர் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு அத்தான் அடம்பிடித்து வந்தார். அக்கா இரண்டு நிபந்தனை போட்டாள். அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. உத்தரவுத் தாள் தபாலில்தான் வர வேண்டும்.

"ஒரே வீட்டுல இருக்கோம். கையில குடுத்தா வாங்க மாட்டியா?"

"கையில குடுத்தா கிழிச்சுப் போட்ருவேன்."

எனவே பேரரசர் மாதாமாதம் தபால்தலை வாங்கி ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் தம் உத்தரவைப் போடுவார். அது ஊரைச் சுற்றிவிட்டு இரண்டு நாள் கழித்து அதே வாசலுக்கு வரும். தபால்காரர் வெகுநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசித் தீத்துக்கலாமே."

ஐந்தாம் வருடம் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியவர் வேறு ஊரில் இருந்த ஒரு பல் டாக்டர். ஆட்டத்திலேயே பெரிய பேரரசு அவருடையது. மெத்தைக்கடைக்காரரின் கப்பல்கள் மூன்று முறை தாக்குதலுக்கு முந்தின மாதம் நழுவியிருக்கின்றன, நடுவரின் கணவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டிருந்தார். ஒன்று அவர் விலக வேண்டும், இல்லையேல் நடுவர் மாற வேண்டும். அடுத்த மாதத் தாளுக்கு முன் எல்லாரும் தங்கள் வாக்கை எழுதித் தமக்கு அனுப்ப வேண்டும். நடுவர் பொறுப்பை ஏற்கத் தாம் தயார் என்றும் முடித்திருந்தார்.

அக்கா அதை நாலாக மடித்தாள். "நான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கறாரு" என்று மட்டும் சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ பேர் அவளிடம், "எனக்கு என்னன்னு மட்டும் சொல்லும்மா" என்று கெஞ்சியிருக்கிறார்கள். டாக்டர் சொல்வதற்கு முன் அவள் ஒருவரிடமும் ஒரு சொல் உதிர்த்ததில்லை. முகத்தில்கூட எதுவும் தெரியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்த ஆட்டம் ஒன்றுதான் அவள் யாருக்காகவும் இல்லாமல் தனக்கென்று வைத்திருந்தது. அது கைவிட்டுப் போகப் பார்த்தது.

அந்த மாதம் அத்தான் இன்னொரு ஆட்டக்காரரோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். ஒரு தையல் டீச்சர். பல் டாக்டரின் சுரங்கக் கிரகத்தை இருவரும் ஒரே நேரத்தில் தாக்குவதாக ஒப்பந்தம். டீச்சர் நாற்பது கப்பல், அத்தான் எண்பது.

ஞாயிற்றுக்கிழமை உறைகளைப் பிரித்தோம். அத்தானின் தாளை அக்கா இரண்டு முறை படித்தாள். எண்பது கப்பலும் தாய்க்கிரகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. படத்தில் அவருடைய தாய்க்கிரகத்தின் பக்கம் எதிரிப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. தையல் டீச்சரின் நாற்பது கப்பல் தனியாகப் போய் மாட்டிக்கொண்டது.

"என்னாச்சு இவருக்கு?" என்றேன்.

"கேக்க முடியாதே" என்று சொல்லிவிட்டு அக்கா நாற்பது பொத்தான்களையும் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

புதன்கிழமை ஆபீஸ் விட்டு வரும் வழியில் அங்கே போனேன். தபாலில் வந்த முடிவுத்தாளோடு அத்தான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒருத்தன்கூட வரலையே" என்றார் அக்காவிடம்.

"எங்க வரணும்?"

"என் தலைநகருக்கு. நீதான் போன வாரம் பூரா ஒரு மாதிரி இருந்தியே. சட்டைக்கு இஸ்திரி போட்டே. ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தே. நான் அந்த மூணு கால் சோபா கதையைச் சொன்னப்ப முழுசா உக்காந்து கேட்டே. கல்யாணமாகி இருபது வருஷத்துல நீ எந்தக் கதையை முழுசா கேட்டிருக்கே? சரி, நம்ம கிரகம் காலின்னு முடிவு பண்ணிட்டேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க ரத்த ரிப்போர்ட்டுங்க. போன வாரம் திங்கக்கிழமையே என் கைக்கு வந்துச்சு. சர்க்கரை எக்கச்சக்கமா இருந்துச்சு. டாக்டர் ஊர்ல இல்ல. அவர் பாக்காம நான் சொல்லக் கூடாது. இன்னிக்குக் காலையிலதான் வந்தாரு. மாத்திரை போதுமாம், தினமும் நடக்கணுமாம். பயப்பட ஒண்ணுமில்ல."

அத்தான் கையிலிருந்த முடிவுத்தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"சர்க்கரைக்கா எண்பது கப்பலைத் திருப்பினேன்?"

நான்தான் முதலில் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்போ அந்த மூணு தடவையும்?" என்று கேட்டாள்.

அத்தான் தரையைப் பார்த்தார். "ஒரு தடவை நீ சீக்கிரம் தூங்கிட்டே. ஒரு தடவை பாட்டு முணுமுணுத்தே. இன்னொண்ணு ஞாபகமில்ல."

"அதுல எதுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"அது இப்பத்தானே தெரியுது."

அன்று சாயங்காலமே அத்தான் கடையிலிருந்து ரசீது நோட்டைக் கொண்டுவந்து, அதன் பின்பக்கங்களில் பதின்மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்று வருடமாக மனைவியின் முகத்தைப் பார்த்து ஆடினேன், அதிர்ஷ்டத்தில் மூன்று முறை தப்பினேன், இந்த மாதம் என் ரத்தச் சர்க்கரையை விண்வெளிப் படையெடுப்பு என்று நினைத்துவிட்டேன், என் மனைவி எனக்கு எதையும் சொன்னதில்லை, என் உடம்பைப் பற்றிக்கூட ஒன்பது நாள் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்.

அக்கா வாங்கிப் படித்தாள். "இதை அனுப்பினா உங்களைத் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும். உன்னைத் தூக்காம இருந்தாச் சரி."

"மானம் போகும்."

"எண்பது கப்பலோட அதுவும் போயாச்சு. ஆபீசரம்மா, நீங்க போற வழியில இதைப் பெட்டியில போட்ருங்க." என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மூன்று வாரத்தில் வாக்கு விவரம் வந்தது. பல் டாக்டரே எண்ணி அனுப்பியிருந்தார். பதின்மூன்று பேரும் அக்காவே நடுவராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். அதில் அவருடைய வாக்கும் உண்டு. அடியில் தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "இவ்வளவு மோசமான ஒற்றன் எதிரிப் பேரரசில் இருப்பது எனக்கு நல்லது. அவரும் தொடர்ந்து ஆடட்டும்."

அக்கா அந்தத் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

தையல் டீச்சர் மட்டும் வாக்கோடு நிற்கவில்லை. அவருடைய அடுத்த உத்தரவுத் தாள் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தேன். மிச்சமிருந்த கப்பல் அத்தனையும் அத்தானை நோக்கித் திருப்பியிருந்தார். "நடுவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் வீட்டுக்காரரோடு கணக்கு இருக்கிறது" என்று ஓரத்தில் குறிப்பு வேறு.

அத்தானின் தாளையும் பிரித்தோம். ஒப்பந்தம் முறிந்ததற்கு மன்னிப்பாக, டீச்சர் பக்க எல்லைக் காவலை முழுவதும் விலக்கிக்கொள்வதாக எழுதியிருந்தார்.

அக்கா சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் அத்தான் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் சத்தம் போட்டுவிடுவேனோ என்று என் வாயையும் இன்னொரு கையால் பொத்தினாள். சுத்தியல் சத்தம் நின்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்; மறுபடி தொடங்கினால் சிரிப்போம். அப்படியே அன்று அத்தானின் முதல் கிரகத்தைக் கழித்து எழுதினோம்.