சுருக்காத படம்

எங்கள் செய்தித் தளத்தில் படங்களைச் சுருக்குவது அவள் வேலை. எட்டு எம்பி, பத்து எம்பி என்று வரும் படத்தை அகலம் குறைத்து, தரம் குறைத்து, நூறு கேபிக்குள் அடக்கிவிடுவாள். அதனால் அவளுக்குச் சுருக்குப்பை என்று பெயர். வைத்தவன் பக்கத்து மேசைக்காரனான நான்தான். அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். சுருக்கியதை மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிடுவாள். பெரிய படம் போனது போனதுதான். ஆசிரியர் தொண்டை வற்றக் கத்தியும் திருந்தவில்லை.

அன்று சந்தையில் கடைகளை இடித்தார்கள். மறித்த வியாபாரிகளை, கூலிக்கு வந்த ஆட்கள் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். படமெடுக்கப் போயிருந்தவன் அவளுடைய தம்பி. மண்டை பிளந்ததையும் பல் தெறித்ததையும் எடுத்து, சுடச்சுட அக்காவுக்கு மெயிலில் தள்ளிக்கொண்டிருந்தான். கடைசிப் படத்தில் ஒருவன் கம்பியை ஓங்கியபடி கேமராவை நோக்கி ஓடி வந்தான். அவள் கைப்பழக்கத்தில் அதையும் சுருக்கி ஏற்றிவிட்டாள். அப்புறம் படம் வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது. தம்பிக்குத் தாடையும் விலாவும் நொறுங்கியிருந்தன. கேமராவை மிதித்தே தூளாக்கியிருந்தார்கள்.

அவள் பையை எடுப்பதற்குள் நான்கு பேர் உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவன் சட்டையில் ரத்தம் இன்னும் காயவில்லை.

“கம்பியோட ஒருத்தன் ஓடி வர்ற படம். அதோட பெருசு எங்க?”

“தளத்துல இருக்கிறதுதாங்க. சுருக்கினா பழசு அழிஞ்சிடும்,” என்றாள்.

அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். “நிஜமாடா?”

“ஆமாண்ணே, இதுக்குத்தான் தினமும் திட்டு வாங்குறா.” சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

அவளுடைய திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகத் தோல் நிறம் மட்டும் தெரிந்தது.

“எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது,” என்று சிரித்தான். அவளுடைய வலது கையை இழுப்பறைக்குள் திணித்து, காலால் உதைத்துச் சாத்தினான். விரல்கள் முறிந்த சத்தம் கேட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் கம்ப்யூட்டரைத் தரையில் அடித்துவிட்டுப் போனார்கள்.

“கை வீங்குது, வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்,” என்றேன்.

“உன் லேப்டாப்பைத் திற முதல்ல. அழிஞ்சது நான் இறக்கி வச்ச நகல்தான். தம்பி அனுப்பினது மெயில்லயே கிடக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பதினோரு எம்பி படம். சுருக்காமல் அப்படியே முதல் பக்கத்தின் உச்சியில் ஏற்றினாள்.

ஒளிந்திருந்த அறையிலிருந்து ஆசிரியர் போனும் கையுமாக ஓடி வந்தார். “என்னம்மா, பக்கம் திறக்கவே மாட்டேங்குது?”

“திறக்கும் சார். காத்திருந்து பாக்கட்டும்.”

படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் கம்பி. அதைப் பிடித்த கை. பிறகு நெற்றி, புருவம், கண். சற்று முன் என் கழுத்தைப் பிடித்தவன், தாடி மயிரை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தான். ஆசிரியரின் போன் அடிக்கத் தொடங்கியது. அவன் யார், எந்த வீடு என்று சொல்ல, படத்தைப் பார்த்தவர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.