மாமாவின் நாலாவது பவுல்

என் அப்பாவின் மேல் மணலை வாரி எறிந்தபோது எனக்குப் பத்து வயது. விளையாட்டுக்கு எறியவில்லை. குறி பார்த்து முகத்துக்குத்தான் எறிந்தேன். கோயில் மைதானத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. தூத்துக்குடியில் சடுகுடுவுக்கு ஆள் கூடுவதுபோலக் கூடைப்பந்துக்கும் கூடத் தொடங்கியிருந்தது. எங்கள் மைதானத்தின் இரு முனையிலும் கம்பம் நட்டு, உடைந்த தோணியின் பலகையை அறைந்திருந்தார்கள். வளையத்தைக் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்தார். வலை பின்னுவதற்குத்தான் பெரிய சண்டையே நடந்தது. கடலுக்குப் போகிற வீடு ஒவ்வொன்றுக்கும் கண்ணியின் அளவு பற்றித் தனி அபிப்பிராயம் இருந்தது.

அந்த மைதானத்தின் ராஜா என் மாமா, அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வயது. ஓடிவந்து எழும்பினால் ஒரு கணம் அப்படியே மேலே நிற்பார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ராஜாவாக இருந்தவர் அப்பா. இப்போது கப்பல் ஆபீசில் குமாஸ்தா. இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற வழக்கு எங்கள் வீட்டில் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

அப்பா பக்கத்து வக்கீல் பெரியப்பா. "அந்தக் காலத்துல ஒரு கோல் விழுந்தா பந்து திரும்ப நடுவுக்கு வரணும். அங்கன நின்னு குதிச்சு எடுத்தாத்தான் அடுத்த கோல். இப்ப மாதிரி கூடைக்கு அடியில நின்னு வாங்கி வாங்கிப் போடுத சோலி இல்ல" என்பார்.

"அதனாலதான் அன்னைக்கு மொத்த ஆட்டத்துக்கும் பதினஞ்சு பாயிண்டுதான் விழும். என் தம்பி ஒருத்தனே இருபது போடுதான்" என்பாள் அம்மா.

நான் அம்மா கட்சி. அப்பாவின் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. தொந்தியும் மைக்கறையுமாக இருந்த அந்த மனிதர் எழும்பிப் பந்து போட்டார் என்பதை நம்பவே கஷ்டமாக இருந்தது. அப்பா எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். பேச்சு அங்கே வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

மாமாவின் ஆட்டங்களுக்கு விசில் ஊதிய ரெப்ரிகளும் அவருடைய ரசிகர்கள்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். அது ஒரு பெருமையாகவும் இருந்தது. மாமா பந்தைத் தட்டாமல் நாலு எட்டு நடந்தால் விசில் வராது. அவர் சட்டையில் எவன் கையாவது பட்டால் உடனே வரும். ராஜாவுக்கு அந்தச் சலுகை உண்டு என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷக் கடைசி ஆட்டத்தில் எங்களோடு மோத வந்தது உப்பளத்துப் பையன்களின் அணி. பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, சாயங்காலம் வெறுங்காலோடு ஆடப் பழகியவர்கள். உப்புத் தண்ணீரில் ஊறி அவர்கள் பாதமெல்லாம் வெடித்திருக்கும். எங்கள் பக்கமோ அன்று வேறு ஒரு காரியமும் இருந்தது. பஞ்சாலை ஒன்றின் மானேஜர் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆலைக்கென்று ஓர் அணி சேர்க்கிறார்கள். மாமாவின் ஆட்டம் பிடித்துப்போனால் ஆலையில் நிரந்தர வேலை. மாமாவுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டாரும் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊத வேண்டிய டிரில் மாஸ்டருக்கு அன்று காய்ச்சல். வேறு யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தபோது உப்பளத்து அணியின் கேப்டனே, "அண்ணாச்சி ஊதுனா எங்களுக்குச் சம்மதம்" என்று அப்பாவைக் கைகாட்டினான். அம்மா என் காதில், "இனி என்ன, நம்ம வீட்டு ஆளுல்லா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, மாமா ஒருவனை முழங்கையால் இடித்ததற்கு அப்பா பவுல் என்று ஊதினார். கூட்டம் சிரித்தது. சொந்தக்காரர் என்று யாரும் குறை சொல்லக்கூடாதே என்று பேருக்கு ஊதுகிறார் என்றார் பெரியப்பா. இரண்டாவதற்குச் சிரிப்பு குறைந்தது. மூன்றாவதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நாலாவது விழுந்தால் ஆள் வெளியே. அப்பா மாமாவின் பக்கத்தில் போய், எங்களுக்கே கேட்கும்படி, "முழங்கைய எறக்குல, மாப்ள" என்றார்.

மாமா இறக்கவில்லை. எதற்கு இறக்க வேண்டும்? அதுவரை அந்த முழங்கையைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதே கிடையாது.

மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். பலகையில் பட்டுத் திரும்பிய பந்துக்கு மாமா எழும்பினார். கூடவே உப்பளத்துப் பையன் ஒருவன் எழும்பினான். ஒல்லி, நல்ல உயரம். மாமாவின் முழங்கை அவன் வாயில் இறங்கியது. அவன் மணலில் விழுந்தான். மாமா அதே வேகத்தில் பந்தை வளையத்துக்குள் போட்டார். மைதானமே எழுந்து கத்தியது. மானேஜர்கூடக் கைதட்டினார். நானும் கத்தினேன். கீழே கிடந்தவனைப் பார்த்து, "எந்திலே, நடிக்காத!" என்று கத்தினேன். அவன் வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேதான் கத்தினேன்.

அப்பா விசில் ஊதினார். கோல் செல்லாது என்று கையை ஆட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே விரலை நீட்டினார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒரே கூச்சல். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். மாமா இடுப்பில் கைவைத்து நின்ற இடத்திலேயே நின்றார். நான் பாவாடை தடுக்கக் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் இரண்டு கையாலும் மணலை அள்ளி அப்பாவின் முகத்தில் எறிந்தேன். அப்புறம் இன்னும் பலர் எறிந்தார்கள். முதலில் எறிந்தது நான். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, பந்தை உப்பளத்துக்காரர்கள் கையில் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அதைப் பார்க்க மானேஜர் இல்லை. மாமா வெளியேறியபோதே அவரும் எழுந்துவிட்டார்.

வீட்டில் மாமா சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்று கேட்டார்: "அத்தான், நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"அந்தப் பையனுக்கு ரெண்டு பல்லு போயிட்டுல" என்றார் அப்பா.

"ஆட்டம்னா அடிபடத்தான் செய்யும்."

மாமா போய்விட்டார். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பு ஊற்றாமல் எழுந்து போனாள். "தன்னைவிட ஒருத்தன் மேல வாரான்னா மனுசனுக்குப் பொறுக்கல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா வெறுஞ்சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து தின்றார். எனக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி காலையில் போதவில்லை. ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில், சரக்குத் தோணிகள் கட்டிக் கிடக்கிற பாலத்தின் முனைக்குப் போய்க் கடலில் வீசினேன். அதை யாருக்கும் ஒளிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நாலைந்து நாள் கழித்து அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏளா, விசில் எங்கன?" என்றார்.

"கடல்ல போட்டுட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாள் தைரியமாகக் கோபப்பட்டிருப்பேன். அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார். "எனக்கு அன்னைக்கு ஒருத்தனும் விசில் ஊதலையே" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் காலத்து ரெப்ரிகள் அவரைத் தாங்கவில்லை, மாமாவைத் தாங்குகிறார்கள், அந்த வயிற்றெரிச்சல்தான்.

"அதுக்குத்தான் மாமாவ வெளிய அனுப்புனியளா?" என்று கேட்டேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா" என்றார்.

ஆலை வேலை மாமாவுக்குக் கிடைக்கவில்லை. பெண் வீட்டாரும் நழுவிவிட்டார்கள். மூன்று மாதத்தில் மாமா கொழும்புக்குக் கப்பலேறி ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தார். அங்கேயே குடும்பமாகிவிட்டார். அப்பாவுக்கு அவர் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தபிறகு, அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்து, மீன் ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் திருச்செந்தூர்ப் பக்கத்தில் ஓர் ஆட்டம். அப்பா பந்துக்கு எழும்பும்போது எதிரணிக்காரன் ஒருவனை இடுப்பில் முட்டித் தள்ளியிருக்கிறார். அவன் விழுந்த இடத்தில் கிடக்க, ரெப்ரி விசிலே ஊதாமல், அப்பா போட்ட கோல் செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். கோப்பையும் அப்பாவுக்குத்தான். அந்த ஆள் அதன்பின் நேராக நடக்கவேயில்லை. அப்பாவும் அதன்பின் ஆடவில்லை.

"ஏம்மா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

அம்மா அரிவாள்மனையைத் தள்ளிவைத்தாள். "ஏன் சொல்லணும்? அவுக பாவத்தக் கழுவ என் தம்பிதான் கெடச்சானா?" அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு அது ஆறவில்லை. அவள் கோபம் தப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

ஆனால் பத்து வயதில் எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அப்பாவின் வாயிலிருந்து வந்த அந்த "ஆமா"வை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். பெரியப்பாவிடம் சொன்னேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். சோடாக்கடையில் சொன்னேன். பொறாமையில்தான் ஊதினாராம், அவரே ஒத்துக்கொண்டார் என்று மூச்சிரைக்க ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அப்பா சாகும்வரை ஊர் அதைத்தான் நம்பியது. அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை.