போனைக் கூடையில் போட்டுட்டு வாங்க

வலி எங்கே என்று கேட்டால் எல்லோரும் சரியாகத் தொட்டுக் காட்டிவிடுவார்கள். எதனால் என்று கேட்கும்போதுதான் பிசியோதெரபிஸ்டின் தொழிலே ஆரம்பமாகிறது.

தலையைக் குனிந்தபடி இதைப் படித்துக்கொண்டிருக்கும் சக நோயாளிகளே, நிமிர வேண்டாம், அப்படியே படியுங்கள். நிமிர்ந்தால் கடக் என்று ஒரு சத்தம் வரும், பிறகு என்னிடம்தான் வருவீர்கள். காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் என் கிளினிக். கரண்டு வைப்பது, மெழுகு ஒத்தடம் கொடுப்பது, கழுத்தை மெஷினில் மாட்டி இழுத்து விடுவது என்று எல்லாம் உண்டு. என் அப்பா காரமடைப் பக்கம் ஊரார் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர். அவருக்கும் கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் வலித்தது. கரண்டு வைக்கத்தான் ஆள் இல்லை. இன்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் தூக்கிய பெரிய பாரம் ஒரு செல்போன்தான்.

தலையணைமேல் பழி

கொங்கு நாட்டு மனிதர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள். பொய் சொன்னாலும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். கழுத்து வலிக்குக் காரணம் என்று என்னிடம் இதுவரை சொல்லப்பட்டவை: தலையணை, புது பைக், ஏசிக் காற்று, மருமகள் வாங்கி வந்த மெத்தை, பக்கத்து வீட்டுக்காரியின் கண் திருஷ்டி. போன் என்று யார் வாயிலிருந்தும் தானாக வந்ததில்லை.

ஓய்வு பெற்ற வாத்தியார் பழனிசாமி ஐயா தலையணையையே சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். “அமுக்கிப் பாருங்க டாக்டரம்மா, கல்லாட்டம் இருக்குது” என்றார். தலையணையை அமுக்கிவிட்டு அவர் கையைப் பிடித்தேன். எங்களிடம் ஒரு சோதனை உண்டு. கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்க்க வேண்டும். துணி பிழிந்து பிழிந்து ஓய்ந்தவர்களுக்கும் கைக்குழந்தையைத் தூக்குகிறவர்களுக்கும் அந்த இடத்தில் சுரீர் என்று வலிக்கும். நாள் முழுக்கப் போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கும் வலிக்கும். ஐயா துணி பிழிகிற ஆள் இல்லை, அவர் வீட்டில் கைக்குழந்தையும் இல்லை. சாய்த்ததும் கீழே துணிக்கடை வரை கேட்கிற மாதிரி கத்தினார். “போன் நிறைய பார்ப்பீங்களா ஐயா?” என்று பவ்யமாகக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது.

“போனுங்களா? அது எத்தன கெடுதல்னு எல்லாக் குரூப்புலயும் தெனமும் நாந்தானுங்க அனுப்பிட்டு இருக்கறேன்!”

அபிநயாவின் விரல்

அபிநயா பிளஸ் ஒன் படிக்கிற பெண். பள்ளி வாலிபால் அணியில் செட்டர். அதாவது, மற்றவர்கள் ஓங்கி அடித்துக் கைதட்டு வாங்குவதற்காக, பந்தை இரண்டு கை விரல்களாலும் தூக்கிக் கொடுக்கிறவள். மாவட்ட அணிக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் உயரம் பற்றவில்லை என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ. பந்தைத் தொடவே வீட்டில் விடமாட்டார்கள். ஆக இந்த வருடம் விட்டால் அவளுக்கு வாலிபால் அவ்வளவுதான். இந்த நேரம் பார்த்து வலது கட்டை விரல் பந்து பட்டாலே சுள் என்கிறது. மணிக்கட்டைச் சாய்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் அசையாமல் இருக்கப் பட்டை ஒன்று மாட்டிவிட்டு, பந்து கொஞ்சமாகப் போடலாம், போன் மட்டும் கூடவே கூடாது, மீறினால் தேர்வுக்குள் விரல் ஆறாது என்று கறாராகச் சொன்னேன்.

கூட வந்திருந்த அவள் அம்மா சுமதி, ஈரோட்டுச் சந்தையில் சேலை எடுத்து வந்து வாட்ஸ்அப்பில் விற்கிறவர். “எந்நேரமும் போனுதானுங்க மேடம். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். கூப்பிட்டாக் காதே கேக்கறதில்லீங்க” என்று மகளைப் பற்றிப் புலம்பித் தள்ளினார். அத்தனையும் தன் போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவருடைய கட்டை விரல் மகளுடையதைவிட வேகமாக ஓடியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஒரு நிமிசம் அசையாம இருங்க மேடம், உங்க சேலை பார்டர் நல்லா இருக்குது, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இவளைத்தானுங்க எப்படித் திருத்தறதுன்னே தெரியல.”

கூடை

அன்றைக்கே கிளினிக்கில் ஒரு சட்டம் போட்டேன். வாசலில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கூடை. உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னால் சிரித்துக்கொண்டே கழற்றுகிறவர்கள், இதற்குத் தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி விழித்தார்கள். ஒரு அம்மா கூடைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பது போல உட்கார்ந்துகொண்டார். கழுத்தை மெஷினில் மாட்டி மல்லாக்கப் படுத்திருந்த ஒருவர், “மேல பாத்துட்டு சும்மாதானுங்க கெடக்கறோம், சீலிங்குல ஒரு ஸ்டாண்டு மாட்டிப்போட்டா ஆகாதுங்களா?” என்று யோசனை சொன்னார்.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர் மட்டும் மறுபேச்சு இல்லாமல் போனைக் கூடையில் போட்டார். ஒழுக்கமான மனிதர் என்று எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது. கழுத்தில் பேடுகளை ஒட்டி, கரண்டை மெதுவாக வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திடீரென்று, “அம்மணி, கரண்டு இடுப்புக்கு எறங்கிருச்சுங்க! நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று ஒரே அலறல். ஓடிவந்து மெஷினை அணைத்தேன். அணைத்த பிறகும் அவர் இடுப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. பார்த்தால், வேட்டிக்குள்ளே அண்டர்வேர் பையில் இன்னொரு போன். கரண்டு சுகத்தில் அது அங்கே இருப்பதையே மறந்திருக்கிறார். “இது என்னங்க?” என்றேன். மனிதர் கூச்சமே படவில்லை.

“அது போனில்லீங்க அம்மணி, மஞ்சள் வெலைங்க.”

இன்னொரு கை

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு வலது கட்டை விரலில் பட்டை போட்டு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தபோது வலது விரல் அருமையாக ஆறியிருந்தது. இடது விரல் வீங்கியிருந்தது. சொந்த ஊர் தேனிப் பக்கம். இங்கே தனி அறை, மெஸ் சாப்பாடு, ஆபீஸைத் தாண்டினால் பேச ஒரு ஆள் கிடையாது. தூக்கம் வராததால் போன் பார்க்கிறார். போன் பார்ப்பதால் தூக்கம் வருவதில்லை. இதை அவரே என் மருந்துச் சீட்டின் பின்பக்கம் அம்புக்குறி போட்டு வட்டமாக வரைந்து எனக்கு விளக்கினார். இவ்வளவு தெரிந்தும் ஏன் தம்பி என்று கேட்டேன்.

“மேடம், நீங்க வலது கைக்குத்தான் ரெஸ்ட் குடுக்கச் சொன்னீங்க.”

‘வாங்க’

எங்கள் பக்கம் வீடேறி வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அது லேசான குற்றமில்லை. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை கேட்கலை என்ற கோபத்தில் முறிந்த சம்பந்தங்கள் உண்டு, சாவு வீட்டில்கூடப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் உண்டு.

அபிநயாவின் அப்பா ரவி, கணபதியில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முடியவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று சுமதி கூப்பிட்டிருந்தார். துடியலூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. சோபாவில் படுத்திருந்த ரவி, போனில் ஒரு லாரி கவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி தரையில் சேலைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவீட்டில் பையோடு நான் நின்றேன். செருமினேன். லாரி கவிழ்ந்தது. மறுபடி செருமினேன். அதே லாரி மறுபடி கவிழ்ந்தது. உள் அறையிலிருந்து அபிநயாதான் எட்டிப் பார்த்து, “வாங்க மேடம்” என்றாள். அவள் போனை அந்த வாரம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மற்ற இருவர் காதிலும் அவள் ‘வாங்க’ சொன்னதுகூட விழவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராகப் போய் ரவியின் இடுப்பில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். எழுந்திருக்கவே முடியாத மனிதர் துள்ளி எழுந்தார்.

“அடடா, வந்தாச்சுங்களா! வாசல்ல இருந்து ஒரு போன் அடிச்சிருந்தா ஒடனே பாத்திருப்பனுங்களே.”

வலி இல்லாதவர்களுக்கு வைத்தியம்

தேர்வு நெருங்க நெருங்க அபிநயாவின் விரல் ஆறுவதற்குப் பதிலாக மோசமானது. மணிக்கட்டைச் சாய்த்ததும் இந்த முறை அலறியே விட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “போனை எடுத்துட்டியா கண்ணு? நெசத்தைச் சொல்லு” என்றேன். அவள் பட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “கொஞ்ச நாள் தொடவே இல்லீங்க மேடம். அப்பறம் அம்மாவே பீரோவைத் தொறந்து குடுத்துட்டாங்க. பக்கத்து ரூம்ல இருந்து நான் கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்கறதில்லீங்க. பசிக்குதுன்னு மெசேஜ் போட்டா ஒடனே பாத்துடறாங்க.” திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் அப்பா அம்மாவுக்கு என்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் ரவியையும் சுமதியையும் வரவழைத்து, இருவர் போனையும் கூடையில் போடச் சொல்லி, மகளின் இரண்டு பக்கமும் உட்கார வைத்தேன். “எங்களுக்கு வலி ஒண்ணும் இல்லீங்களே” என்றார் ரவி. “அதுதானுங்க வியாதி” என்றேன். அபிநயாவின் கைக்கு மெழுகு ஒத்தடம் ஆரம்பித்தது. மூன்று பேரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த அந்நியர்கள் மாதிரி இருந்தார்கள். சுமதி ஃபேனைப் பார்த்தார். ரவி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். படிக்க எலும்பெல்லாம் தீர்ந்துபோன பிறகு, வேறு வழியில்லாமல், “செட்டர்னா என்ன பண்ணோணும் கண்ணு?” என்று கேட்டார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடவே இல்லை. பந்து எப்படி வரும், எந்தப் பக்கம் தூக்கினால் யார் அடிப்பார்கள், போன வருடம் பெயர் வராதபோது பாத்ரூமுக்குள் போய் அழுதது எல்லாம் வந்தது. மெழுகு ஆறிக் கெட்டியானதை யாரும் கவனிக்கவில்லை. சுமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரவாயில்லை, தேறிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் சுமதி என் பக்கம் திரும்பினார்.

“இவ இத்தன பேசுவாளுங்களா மேடம்! அடடா, கையில போன் இருந்திருந்தா ஒரு வீடியோ எடுத்திருப்பனே.”

தேர்வு முடிந்த மாலை

முனகிக்கொண்டேயானாலும் ரவியும் சுமதியும் தொடர்ந்து வந்தார்கள். மெசேஜ் போட வேண்டிய அவசியம் குறைந்ததாலோ என்னவோ, விரலும் மெல்ல அடங்கியது. கடைசியாக மணிக்கட்டைச் சாய்த்துப் பார்த்தபோது அபிநயா சிரித்தாள். விரல் சரியானதும் அவர்கள் வருவது நின்றுபோனது. வியாதி தீர்ந்த பிறகு டாக்டரிடம் யார் வருவார்கள்?

தேர்வு நடந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருக்குத் தோளில் ஒட்ட வேண்டிய பேடை முழங்காலில் ஒட்டினேன். அவரும் மரியாதைக்காகச் சும்மா இருந்தார். சாயங்காலம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முழங்காலெல்லாம் மண்ணோடு அபிநயா வந்து நின்றாள். “எடுத்துட்டாங்க மேடம்! நானும் டீம்ல இருக்கறேன்!” என்று கத்தினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. படுத்திருந்தவர்கள் படுத்தபடியே கைதட்டினார்கள். பிறகுதான் அவள் பின்னால் யாரும் வரவில்லை என்பது உறைத்தது. அப்பாவுக்குப் பட்டறையில் வேலையாம், அம்மா சேலை எடுக்க ஈரோடு போயிருக்கிறாராம். “ரெண்டு பேர்த்துகிட்டயும் சொல்லிட்டியா கண்ணு? என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“மெசேஜ் போட்டேனுங்க மேடம். நீலக் கோடு விழுந்துருச்சு, பாத்துட்டாங்க. யாருகிட்டயாச்சும் வாயால சொல்லோணும்னு இருந்துச்சு, அதான் இங்க வந்துட்டேன்.”

இப்போதெல்லாம் விரல் வலி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் வந்தாலும், கரண்டை யாருக்கு வைப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.