நைனா நடித்த நாள்

என் அப்பாவுக்கு நோயாளியாக நடிக்க வராது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தலைவலி, காய்ச்சல் என்று ஒருநாள்கூடத் தறியை விட்டு எழுந்த மனிதர் இல்லை அவர். கண்ணில் புரை விழுந்து, இனி தறிக்குழியில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கட்டிலுக்கு வந்தார். வந்த அன்றே கட்டிலில் இருந்தபடி எனக்கு மேஸ்திரி ஆகிவிட்டார். வீட்டில் நாங்கள் அவரை நைனா என்போம்.

நெசவாளர்களுக்கான முதியோர் பென்ஷன் அவருக்கு வந்துகொண்டிருந்தது. பெரிய தொகை இல்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் போக ஷேர் ஆட்டோ, அதோடு தீர்ந்துவிடும். ஆனால் மாத்திரைக்காக என்னிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு இவன், இன்னொண்ணு கவர்மெண்டு. இவன் கேட்டாத்தான் குடுப்பான். அது கேக்காமலே குடுக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். எனக்குக் கோபம் வரும். உண்மையாக இருந்ததால் கூடுதலாகவே வரும்.

இந்த இரண்டாவது பிள்ளை கையை விரிக்கப்போகிறது என்று ஒருநாள் நைனாவோடு டீக்கடையில் இருந்தபோது பேச்சு கிளம்பியது. பென்ஷனை வெட்டப்போகிறார்கள், ஆஸ்பத்திரி காப்பீட்டு அட்டையும் இருக்காது என்றார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் காரணத்தையும் விளக்கினார். "கெழங்கட்டைங்க ஜாஸ்தி ஆயிட்டாங்கோ. சம்பாதிக்கறவன் கம்மி. முன்ன மாதிரி யாரும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன்றாங்கோ. கவர்மெண்டு இன்னா பண்ணும்?"

"நான் சாவாதது உனுக்கு இன்னாடா பேஜாரு?" என்று கேட்டுவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார் நைனா.

அடுத்த வாரமே பெரணமல்லூரிலிருந்து சேதி வந்தது. அங்கே என் அத்தையின் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டிருந்த முதியோர் பென்ஷனை விசாரிக்க ஆள் வந்தபோது, மாமா ஓர் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்திருக்கிறார். 'உழைக்கும் திறன் உண்டு' என்று எழுதி நிறுத்திவிட்டார்களாம். அந்த வயதில் மூட்டை தூக்கியதைப் பெருமையாகவும், பென்ஷன் போனதை அழுகையாகவும் ஒரே போனில் சொன்னார் மாமா.

எங்கள் தெருவுக்கும் விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஏழையாகத் தொடங்கினார்கள். எதிர்வீட்டில் பிரிட்ஜுக்குப் பழைய சேலையைப் போர்த்தி, மேலே சாமி படத்தை வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் புது பைக் இரண்டு தெரு தள்ளி ஒரு வாதாமரத்தடியில் நின்றது. நேற்றுவரை வீதியில் சீட்டாடிய பெரியவர்களெல்லாம் ஒரே நாளில் முனக ஆரம்பித்தார்கள்.

நானும் நைனாவுக்கு ஒத்திகை பார்த்தேன். சித்திரை வெயிலில் மங்கி குல்லா போட்டு, கம்பளியால் போர்த்தினேன். இருமச் சொன்னால் தெருக்கோடிக்குக் கேட்கும்படி இருமினார்.

"மெதுவா, நைனா. சீக்காளி இருமல் இவ்ளோ தெம்பா இருக்காது."

"எனுக்குத் தெரிஞ்ச இருமல் இதாண்டா."

"சரி, நெய்ய முடியுமான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"இப்ப எதுக்கு? அவங்க கேக்கட்டும், சொல்றேன்" என்று மழுப்பினார். எத்தனை முறை கேட்டும் அந்தப் பதிலை மட்டும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை.

விசாரிக்க வந்தவர் முப்பது வயதிருக்கும் ஓர் அம்மா. கையில் தொட்டு விவரம் ஏற்றுகிற டேப், முகமெல்லாம் வியர்வை. நான் தறியில் இருந்தேன். புதன்கிழமை கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவை, நிறுத்த வழியில்லை. நெய்தபடியே, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"உள்ள இருக்காருங்க மேடம். ரெண்டு மாசமா படுத்த படுக்கை. எழுந்து உக்காரக்கூட ஆள் வேணுங்க. கண்ணு சுத்தமா..."

பொய் நாக்கில் இருந்தது, கவனம் காலில் இல்லை. மிதிகட்டை மாறிவிட்டது. தறியின் சத்தம் ஒரே ஒருமுறை பிசகியது.

"டேய்!"

குல்லா ஒரு பக்கம் சரிய, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நைனா அறையிலிருந்து புறப்பட்டு வந்தார். "மிதி மாத்திட்டியேடா! கல்யாணப் பொடவடா அது! அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு? எழுந்திரு, ஜல்தி!"

கண்ணால் ஜாடை காட்டினேன். புரை விழுந்த கண்ணுக்கு ஜாடை எங்கே தெரியும்? என்னைத் தள்ளிவிட்டுக் குழியில் இறங்கினார். விரலால் தடவியே பிழையைக் கண்டுபிடித்தார், நாலு இழையைப் பிரித்தார், மறுபடி நெய்ய ஆரம்பித்தார். இரண்டு விரற்கடை நெய்திருப்பார், பட்டு கண்ணாடி மாதிரி வழவழவென்று விழுந்தது. அந்த அம்மா டேப்பை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறந்து பார்த்தார். பெரணமல்லூர் மாமாவாவது மூட்டைதான் தூக்கினார். இவர் எதைச் செய்ய முடியாது என்று பென்ஷன் வாங்குகிறாரோ, அதையே செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

நெய்து முடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "கால் மரத்துப்பூட்சி" என்று சிரித்தார். மறுபடி குழி ஓரத்தில் கையை ஊன்றி எம்பினார், பொத்தென்று உட்கார்ந்தார். அடடா, கடைசி நேரத்திலாவது நடிப்பு வந்துவிட்டதே என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். "பாத்தீங்களா மேடம்?" என்றுகூடச் சொன்னேன்.

மூன்றாவது முறை எம்பியபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கை வெடவெடவென்று நடுங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்திருந்தார்.

நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அவ்வளவு லேசாகிவிட்டிருந்தார். இரண்டு நாளாக அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவர் உடம்பில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கட்டிலில் உட்கார வைத்த பிறகு அந்த அம்மா தயங்கிக்கொண்டே கேட்டார். "ஐயா, நெய்ய முடியும்னு போடவா, முடியாதுன்னு போடவா?"

"ரெண்டும்தாம்மா. பாத்தியே."

"ரெண்டும் போட இடமில்லைங்க ஐயா. ஒண்ணுதான் அமுக்க முடியும்."

நான் வாயைத் திறந்தேன். நைனா கையைக் காட்டி அடக்கினார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"முடியாதுன்னு போட்டுக்கம்மா."

நான் எத்தனை முறை கேட்டும் வராத பதில் அது. அந்த அம்மா டேப்பில் அமுக்கினார், ஒரு போட்டோ எடுத்தார், "பென்ஷன் நிக்காதுங்க ஐயா, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த அம்மா எங்கள் தெருவை முடித்து முனை தாண்டியதுதான் தாமதம், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தெரு முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தறியில எறங்கி, ஏற முடியாத மாதிரி நடுங்குனியே! இன்னா ஆக்டிங்குப்பா! எங்களுக்கெல்லாம் வெறும் முனகல்தான் வந்துச்சி."

இல்லை, அது நடிப்பில்லை என்று சொல்ல நான் எழுந்தேன். நைனா என் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தார்.

"பின்ன? சும்மாவா குடுப்பாங்கோ பென்ஷனு?" என்றார் அவர்களைப் பார்த்து.