நேராக இருந்த கியூ

பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தைக் குத்தி ஆடுகிற கோலுக்கு, அதாவது கியூவுக்கு, முன்பாதிக் கம்பை, ஷாப்டை, ஆளுக்குத் தக்கபடி கடைந்து கொடுப்பது என் தொழில். தமிழ்நாட்டு எல்லை தாண்டி மலையாளத்து மலைமேல் இருக்கிற ஆனைக்கரை மாதிரி, பாதி வருஷம் மழையும் மூடுபனியுமாகக் கிடக்கிற ஊரில் புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை. மரம் ஈரத்தைக் குடிக்கும். வளையும். வளைந்தால் கடைந்தவனைத் திட்டுவார்கள். தையல்காரர், வாட்ச் ரிப்பேர்காரர் யாராவது இதைப் படித்தால் மேலே விளக்க வேண்டாம். உங்களுக்கும் இதே கதிதான்.

ஏலக்காய் ஸ்டோர்

ஒரு எஸ்டேட்காரர் மகனுக்கு மேப்பிள் மரத்தில் ஷாப்ட் செய்தேன். ஒரே மூச்சில் கடையக்கூடாது. கொஞ்சம் கடைந்து, தொங்கவிட்டு, மரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, மறுபடி கடைய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். கொடுக்கும்போது, ஈரம் படாமல் வை என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில், சூடு வருகிற குழாய்க்கு மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான். வில்லாகத் திரும்பி வந்தது. சூட்டிலும் வளையும் என்றேன். முறைத்தான்.

"ஏலக்காய்க்கு ஒண்ணும் ஆகலையே, இதுக்கு மட்டும் என்னவாம்?"

அந்தோணி

இவன் ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க, கீழே தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பெண்கள் தினமும் மலையேறி வருவார்கள். விடிகாலையில் ஏற்றி வருவதும் சாயங்காலம் இறக்கி விடுவதும் அந்தோணி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பில்லியர்ட்ஸ் ஆடப் போய்விடுவான். நன்றாக ஆடுவான்.

ஒருநாள் கியூவோடு வந்தான். ஷாப்ட் நடுவில் வளைந்துவிட்டதாம். கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நேராக இருக்கிறது, போ என்றேன். அவன் கியூவைக் கண்ணருகில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை நோட்டம் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"நீங்க உருட்டுறத விடுங்கண்ணே. பாம்பு மாதிரி நெளியுது, எனக்குத் தெரியுதுல்ல?"

புது ஷாப்ட்

தொல்லை தாங்காமல் வேறொன்று கடைந்து கொடுத்தேன். நல்ல கட்டை, நெடுநாள் தொங்கிய கட்டை. மறுவாரமே வந்து நின்றான். இதுவும் வளைவு, அதே இடத்தில். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் என்னோடு சண்டைக்கு நிற்கவில்லை. கியூவை இறக்கிய பிறகும் இடது கண்ணைத் திறக்காமல், என் பட்டறையின் கதவு நிலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழையில உங்க நிலையும் கோணிப் போச்சேண்ணே, பாக்கலையா?"

எந்தக் கண்

நிலை கோணவில்லை. நான் வைத்த நிலை அது. கியூவை அவன் கையில் கொடுத்து, வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். மறுபடி வலதால் பார்த்தான். மறுபடி இடது. இடதுக்கு நேர், வலதுக்கு மட்டும் வளைவு. பிறகு கியூவை மெதுவாகச் சுவரில் சாய்த்தான். கியூவைச் சாய்த்து வைக்காதே என்று எல்லாரிடமும் கத்துகிறவன் நான். அன்றைக்குக் கத்தவில்லை.

வண்டி ஓட்டுகிறாயே என்றேன்.

"ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா வளைவு ஒண்ணும் தெரியலண்ணே. ரெண்டு கண்ணாலதான ஓட்டுறேன்?"

தேனி

கையோடு தேனிக்கு, கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சுகர் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, இவன் கவனிக்கவில்லை. வலது கண்ணுக்குள்ளே பின்பக்கம் நீர் கோத்திருக்கிறது, இடதிலும் தொடங்கிவிட்டது, ஊசி போட வேண்டும், மலை ரோட்டில் வண்டி எடுக்கவே கூடாது என்றார் டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். மலை ஏறும்போது என் பக்கம் திரும்பினான்.

"நிறுத்துன்னு சொல்லிட்டாரு. நிறுத்திட்டு என்ன செய்யன்னு சொல்லலையே."

சூப்பர்வைசர்

அவன் நிறுத்தவில்லை. நான் தோட்டத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் மலையாளி, மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். காய் பழுத்து உதிர்கிற நேரம், வேறு டிரைவர் எங்கே கிடைப்பான் என்று அவருக்குக் கவலை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"சேட்டா, அவனுக்கு லைசென்ஸ் உண்டல்லோ."

முன் சீட்

சரி, ஏறுகிறவர்களிடமே சொல்லிவிடலாம் என்று ஜீப் நிற்கிற டீக்கடைக்குப் போனேன். அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் மூக்கம்மா. முன் சீட்டில் உட்கார்வது அவள்தான். தனியே கூப்பிட்டு, அந்தோணிக்குப் பார்வை சரியில்லை, ஏறாதீர்கள் என்றேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜீப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வண்டியை விட்டால் அவர்கள் ஊருக்கு வேறு வண்டி வராது. வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை.

"வளைவு வந்தா நான் சொல்லிருவேண்ணே, எதுத்தாப்புல வண்டி வந்தாலும் சொல்லிருவேன். நீங்க போயி உங்க கம்பப் பாருங்க."

வார்டு

நல்ல மழை நாள். சாயங்காலம் இறங்கும்போது ஒரு வளைவில் ஜீப் திரும்பவே இல்லை. நேரே போய் ஏலத்தோட்டத்துக்குள் விழுந்தது. ஒரு பலாமரம் தடுத்ததால் உயிர் போகவில்லை. ஆளுக்கொரு இடத்தில் எலும்பு முறிவு. அந்தோணிக்கு விலாவில். மூக்கம்மாவுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோணி என் குரலைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்கள் வார்டில் மூக்கம்மா விழித்திருந்தாள். அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காலையில இருந்து நனைஞ்சுக்கிட்டே காய் எடுத்தோம். வண்டிக்குள்ள கதகதன்னு இருந்துச்சு. நான் தூங்கிட்டேண்ணே."

இப்போதெல்லாம் யார் கியூவைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கம்பையே கையில் வாங்குகிறேன். பாதிப் பேர் கிழவனுக்குக் கிறுக்கு என்று திரும்பிப் போகிறார்கள், போகட்டும்.